சருகு மழைநீர் வடிகாலுக்குள்ள போனா ஏரி கெடுமா?

அக்டோபர் 6, காலை 9.12 (கேள்வி: வேளச்சேரிக்காரர்)

எங்க தெருவுல ஒரு பெரியவர் தினமும் காலைல பெருக்குற அக்காகிட்ட சண்டை போடுறாரு. இலையை வடிகால் ஓட்டைக்குள்ள தள்ளாதீங்க, ஏரி கெட்டுப்போயிடும்னு. பிளாஸ்டிக்னா புரியுது. இலை மக்குற பொருள்தானே? காட்டுல யாரு பெருக்குறா, அங்க இருக்கற குளமெல்லாம் நாறியா போச்சு? இது வாட்ஸாப் விஞ்ஞானமா இல்ல நெஜமாவே விஷயம் இருக்கா?

அக்டோபர் 6, இரவு 10.40 (பதில்: கே.கே. நகர்க்காரர்)

விஷயம் இருக்கு. பெரியவர் பேச்சுல பாதிக்கு மேல சரி, சண்டை போடுற ஆள்தான் தப்பு. அந்த அக்கா கையில ஒரு விளக்குமாறும் ஒரு தள்ளுவண்டியும்தான் இருக்கு, வண்டி ரொம்பிட்டா ஓட்டைதான் கதி.

காட்டுக் கேள்விக்கு வரேன். காட்டுல இலை விழுறது மண்ணு மேல. மழை பெஞ்சு அதுலேர்ந்து சத்து எறங்கினா கீழ வேர் இருக்கு, பூஞ்சை இருக்கு, மண்ணுல இருக்கற இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) புடிச்சு வெச்சுக்கும். நம்ம தெருவுல இலை விழுறது தார் மேல. அதுக்கும் ஏரிக்கும் நடுவுல இருக்கறது ஒரு கான்கிரீட் பெட்டி மட்டும்தான். நடுவுல யாரும் எதையும் எடுத்துக்க மாட்டாங்க.

சருகு ஊறுனா என்ன வருதுன்னா டிகாஷன்தான். தண்ணி பட்ட முதல் சில மணி நேரத்துல, சரியா சொன்னா முதல் ஓரிரு நாள்ல, கரையக்கூடிய மணிச்சத்துல பெரும் பங்கு வெளிய வந்துடும். தழைச்சத்து (நைட்ரஜன்) மெதுவா, இலை அழுக அழுகத்தான் வரும். அதனால "மக்குற பொருள்தானே"ங்கறதே இங்க பதில். மக்குறதுதான் பிரச்சனை, அப்போ வெளிய வர்ற சத்தைத் தின்னு ஏரியில பாசி மண்டும். பிளாஸ்டிக் கவர் வடிகாலை அடைக்கும், ஆனா பாசிக்கு சோறு போடாது.

தாத்தா காலத்துல நாத்து நடறதுக்கு முன்னாடி புங்கந்தழை, வேப்பந்தழை, எருக்கு எல்லாம் வெட்டி வயல்ல போட்டு மிதிப்பாங்க. அதே தழைதான். வயலுக்குப் போனா உரம், ஏரிக்குப் போனாலும் உரம், ஆனா அங்க நெல்லுக்குப் பதிலா ஆகாயத்தாமரை வெளையும்.

அக்டோபர் 7, காலை 7.05

எவ்ளோ இலை எவ்ளோ தண்ணியைக் கெடுக்கும்னு கேட்டிருக்கீங்க. தோராயக் கணக்குதான், மரத்துக்கு மரம் மாறும்.

காய்ஞ்ச இலையில மணிச்சத்து சுமார் 0.1 சதவீதம்னு வைங்க, கிலோவுக்கு 1 கிராம். அதுல பாதி கரைஞ்சு வருதுன்னா அரை கிராம். இதை 10,000 லிட்டர் சுத்தமான தண்ணில, அதாவது நம்ம தெருவுக்கு வர்ற ஒரு பெரிய தண்ணி லாரியில கலந்தா லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் ஆகும். ஏரித் தண்ணில மொத்த மணிச்சத்து லிட்டருக்கு 0.035 மில்லிகிராம் தாண்டினாலே அதை சத்து மிகுந்த ஏரின்னு வகைப்படுத்துறாங்க, பாசி கட்ட ஆரம்பிக்கற கட்டம். ஒரு கிலோ சருகுங்கறது என்ன, ஒரு அரிசிப் பை ரொப்புற அளவு. அதுக்கு ஒரு லாரி தண்ணி.

இன்னொரு பக்கமா பாத்தா ஒரு கிராம் மணிச்சத்தை வெச்சு பாசி சுமார் 100 கிராம் வளரும், அதுவும் உலர்ந்த எடை. ஈரத்தோட தூக்கினா பல மடங்கு.

அக்டோபர் 7, இரவு 11.20

யாராச்சும் அளந்து பாத்திருக்காங்களான்னு கேட்டவருக்கு: அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலம் மேடிசன் நகரத்துல அளந்திருக்காங்க. அந்த நாட்டு புவியியல் ஆய்வுத் துறை, 2016-ல வெளியான ஆய்வு. மரம் நெறைய உள்ள குடியிருப்புப் பகுதிகளை எடுத்துக்கிட்டு, ஒண்ணுல ஒவ்வொரு மழைக்கு முன்னாடியும் தெரு இலையை சுத்தமா எடுத்துட்டாங்க, இன்னொண்ணுல விட்டுட்டாங்க. இலையுதிர் காலத்துல எடுத்த பகுதியிலேர்ந்து போன மழைத் தண்ணில மொத்த பாஸ்பரஸ் 84 சதவீதம் கொறஞ்சுது, நைட்ரஜன் 74 சதவீதம். குளிர்காலத்தைக் கழிச்சுட்டுப் பாத்தா, எடுக்காத இடத்துல வருஷத்து பாஸ்பரஸ்ல 56 சதவீதம் அந்த இலை கொட்டுற சீசன்லயே போயிருக்கு. எடுத்த இடத்துல 16.

இதைப் படிச்சதும் எங்க அசோசியேஷன் குரூப்புல உடனே ஒருத்தர் "அப்போ நாமளும் பெருக்கினா 84 சதவீதம் கொறையும்"னு போட்டாரு. கொறையாது சார். அங்க சாக்கடை தனிக் குழாயில போகுது, மழைத் தண்ணி குழாயில மழைத் தண்ணி மட்டும்தான் போகுது. இங்க கதை வேற. நாளைக்கு எழுதறேன், தூக்கம் வருது.

அக்டோபர் 8, இரவு 9.50

நான் எழுதறதுக்குள்ள சைதாப்பேட்டைக்காரர் வந்து நல்லா கேட்டுட்டாரு: "அடையாத்துல பட்டப்பகல்ல கழிவுநீர் கொட்டுது, நீங்க எலையப் பத்தி பேசிக்கிட்டிருக்கீங்க, கண்ணு தெரியலயா?"

தெரியுது சார். கணக்காவே சொல்றேன். ஒரு ஆள் ஒரு நாளைக்கு உடம்புலேர்ந்து வெளியேத்துற மணிச்சத்து சுமார் 1-லேர்ந்து 2 கிராம். மேல சொன்ன கணக்குப்படி அது ஒண்ணு ரெண்டு கிலோ சருகுல மொத்தமா இருக்கறதுக்கு சமம். 50 வீடு உள்ள ஒரு அபார்ட்மெண்ட், வீட்டுக்கு நாலு பேர், 200 பேரு, இவங்க செப்டிக் டேங்க் லைனை ராத்திரியோட ராத்திரியா மழைநீர் வடிகால்ல சொருகிட்டாங்கன்னா தினமும் 200-லேர்ந்து 400 கிலோ சருகைக் கொட்டுற மாதிரி. வருஷம் பூரா. எந்தத் தூங்குமூஞ்சி மரமும் அந்த வேகத்துக்குக் கொட்டாது.

அதனால கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் மூணுக்கும் இலை இன்னைக்கு ஒரு பொருட்டே இல்ல. சிந்தாதிரிப்பேட்டை பாலத்துல நின்னுக்கிட்டு "ஐயோ புங்க இலை விழுதே"ன்னு அழறவனைப் பாத்தா நானே சிரிப்பேன்.

ஆனா சென்னையில எல்லா தண்ணியும் கூவம் இல்லையே. கழிவுநீர் கனெக்‌ஷனை அடைச்சு, தூர்வாரி, கரை கட்டி, வாக்கிங் பாதை போட்ட ஏரி குளம் இருக்கு. கோயில் குளத்துக்கு சுத்துத் தெரு மழைத் தண்ணியைத் திருப்பி விடறாங்க. வீட்டு மழைநீர் சேகரிப்பு இருக்கு. அங்கெல்லாம் பெரிய குற்றவாளியை வெளிய அனுப்பின அப்புறம் மிச்சம் யாரு இருக்கா? இலை, பூ, மாட்டுச் சாணி, நாய்க் கழிவு. குளத்துக்கு அவ்ளோ செலவு பண்ணி ரெண்டே வருஷத்துல திரும்ப பச்சை கட்டிடுச்சே, கழிவுநீர் கூட வரலயேன்னு பொலம்புறாங்க பாருங்க, அந்த எடத்துல இந்தப் பேச்சு பேசணும்.

அக்டோபர் 9, காலை 6.30

கோலமாவு கணக்குல வருமான்னு ஒரு மேடம் கேட்டிருக்காங்க. அரிசி மாவா இருந்தா எறும்பு சாப்பிட்டது போக மிச்சம்தான். இப்போ விக்கறது முக்கால்வாசி கல் மாவு, பாசி சீண்டாது. நிம்மதியா போடுங்க.

அக்டோபர் 11, மாலை 5.15

நம்ம ஊருக்கும் மேடிசனுக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தை இன்னும் சொல்லல. அங்க இலை கொட்டுற சீசன்லயே மழையும் பெய்யும். இங்க வேம்பு, புங்கை, அரசு எல்லாம் ஜனவரி கடைசியிலேர்ந்து மார்ச் வரைக்கும் கொட்டும். நாட்டு பாதாம் வருஷத்துல ரெண்டு தடவை செவந்து கொட்டும். நம்ம பெரிய மழை அக்டோபர்லேர்ந்து டிசம்பர், வருஷ மழையில பாதிக்கு மேல அப்பதான். அப்போ நடுவுல அந்தச் சருகு எங்க போகுது?

கொஞ்சத்தை எடுத்துட்டுப் போறாங்க, கொஞ்சத்தை எரிக்கறாங்க, மிச்சம் வடிகாலுக்குள்ள குடியேறிடுது. வண்டி ஏறி ஏறி நொறுங்கின இலைத்தூள் காத்துல பறந்து ரோட்டோரம் ஒதுங்கி அப்படியே ஓட்டை வழியா எறங்கும். முழு இலையை விட தூள்லேர்ந்து சத்து சீக்கிரம் எறங்கும், இது சமையல் தெரிஞ்ச யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டாம்.

ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் நமக்கு சாயங்கால மழை ஒண்ணு வரும் பாருங்க, அரை மணி அடிச்சுட்டு ஓடிடும். அந்த மழை வடிகால்ல இருக்கற சருகை ஊற வைக்கும், ஆனா ஏரி வரைக்கும் அடிச்சுட்டுப் போற அளவுக்கு வேகம் இருக்காது. ஊறுன தண்ணி பள்ளத்துல தேங்கி நிக்கும். அடுத்த மழை, அதுக்கடுத்த மழை. அக்டோபர்ல முதல் பெரு மழை வந்து மொத்தத்தையும் ஒரே தள்ளா தள்ளிடும். இது என் கணிப்புதான், ஆனா முதல் கனமழைக்கு அப்புறம் வடிகால் வாய்ல வர்ற கருந்தண்ணியைப் பாத்தவங்க மறுக்க மாட்டாங்க. மீன் செத்து மிதக்கறதும் பெரும்பாலும் அப்பதான், அழுகல் ஒரே நேரத்துல வந்து தண்ணில இருக்கற ஆக்சிஜனைத் தின்னுடுது.

அக்டோபர் 12, இரவு 8.00

இன்னைக்கு எங்க தெருவுல (கே.கே. நகர், நெறைய தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை, ஒரு புங்க மர வரிசை) சில்ட் பிட் ஒண்ணைத் தெறந்தாங்க. வடிகால்ல நடுவுல நடுவுல ஒரு தொட்டி மாதிரி ஆழமா விட்டிருப்பாங்க, வண்டல் அதுல தங்கட்டும்னு. கடப்பாரையை விட்டு சிலாப்பை நெம்பினதும் மொதல்ல கரப்பான் பூச்சி ஓடுச்சு. மேல ஒரு அடுக்கு காய்ஞ்ச புங்க இலை, மஞ்சளா, இன்னும் இலை உருவத்தோட. அதுல ரெண்டு பால் கவர், ஒரு செருப்பு. அதுக்குக் கீழ காப்பிப்பொடி நெறத்துல இலைத்தூளும் தூங்குமூஞ்சிக் காயும். அந்தக் காய்ல ஒரு பிசின் இருக்கும், எல்லாத்தையும் ஒட்ட வெச்சு அடை மாதிரி ஆயிருந்தது. அதையும் தள்ளினா கருப்பு சகதி. மம்முட்டி எறங்கினதும் குமிழ் குமிழா வந்துச்சு, அழுகின முட்டை நாத்தம். ஓரத்துல தேங்கியிருந்த தண்ணி சுத்தமான டீ நெறம், ஆச்சரியமா அதுல மண்ணே இல்ல, அடி தெரியற அளவு தெளிவு.

அந்தத் தெளிவுதான் எனக்குக் கவலை. தொட்டி வண்டலைப் புடிக்கும், கரைஞ்சதைப் புடிக்காது. பிட்டு நல்லா வேலை செய்யுதுன்னு நாம சந்தோஷமா இருக்கும்போது உள்ள இருக்கற சருகு ஊறி கரைசலா மாறி அடுத்த மழைக்கு மேலால வழிஞ்சு போயிடுது. இன்னொண்ணு, அடியில ஆக்சிஜன் தீந்துபோனா மண்ணுல இரும்போட ஒட்டிக்கிட்டு சமத்தா இருந்த மணிச்சத்தும் கழண்டு தண்ணிக்கு வந்துடும். அழுகின முட்டை நாத்தம் வந்தா அங்க ஆக்சிஜன் இல்லன்னு அர்த்தம். அதாவது தூர்வாராத சில்ட் பிட் சத்தைப் புடிச்சு வெக்கறதில்ல, காய்ச்சி அனுப்புது.

எடுத்த சகதியை என்ன பண்ணாங்கன்னு கேக்காதீங்க. சரி கேளுங்க. பிட்டுக்கு ஒரு அடி தள்ளி ரோட்டோரம் குமிச்சு வெச்சிருக்காங்க. "காயட்டும் சார், காஞ்சாதான் லாரியில ஏத்த முடியும்"னாரு ஒப்பந்தக்காரர் ஆளு. அவர் சொல்றதும் நெஜம்தான், ஈர சகதி லாரியிலேர்ந்து ரோடு பூரா ஒழுகும். வானத்தைப் பாத்தேன். அவரும் பாத்தாரு.

அக்டோபர் 13, காலை 7.40

ராத்திரி மழை. குமியல்ல பாதி காணோம்.

அக்டோபர் 14, இரவு 10.10

பெரம்பூர்லேர்ந்து ஒருத்தர் (தோட்டக்கலை படிச்சவர் போல) எழுதினதை இங்க எடுத்துப் போடறேன், ஏன்னா நான் தொடாத விஷயம்: "மரம் இலையை உதிர்க்கறதுக்கு முன்னாடி அதுல இருக்கற தழைச்சத்து மணிச்சத்துல ஏறக்குறைய பாதியை உறிஞ்சி கிளைக்கு எடுத்துக்கும். மஞ்சளாகி விழுற இலை பாதி காலியான இலை. பச்சையா வெட்டின இலை முழு இலை."

இது ரொம்ப முக்கியம். ஏன்னா நம்ம ஊர்ல மழைக்கு முன்னாடி மின்கம்பிக்காகக் கிளை வெட்டுறாங்க. செப்டம்பர், அக்டோபர்ல எந்தத் தெருவுல போனாலும் பச்சைக் கிளை குமியல் குமியலா கெடக்கும், கட்டையை யாராச்சும் எடுத்துட்டுப் போயிடுவாங்க, தழை அங்கயே கெடந்து நசுங்கி மழைக்குக் காத்திருக்கும். மஞ்சள் இலைக்கு நான் போட்ட லாரிக் கணக்கு, அதே காய்ஞ்ச எடைக்கு, இதுக்கு ரெண்டு லாரின்னு வெச்சுக்கலாம். தூங்குமூஞ்சியும் புங்கையும் காத்துலேர்ந்து தழைச்சத்தை வேர்ல புடிக்கற சாதி வேற, அந்த இலையில தழைச்சத்து தூக்கலா இருக்கும். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் ஞாபகம் இருக்கா, ஆயிரக்கணக்கான மரம் பச்சையா சாஞ்சு வாரக்கணக்கா தெருவுல கெடந்துச்சே. அன்னைக்கு யாருக்கும் தண்ணியோட சத்து ஞாபகம் வரல, கரண்ட் எப்போ வரும்னுதான் எல்லாருக்கும்.

பச்சையில இன்னொரு வரவு ஆயுத பூஜை. வாழைக்கன்னு, மாவிலை, சாமந்தி, முச்சந்தி முச்சந்திக்கு உடைச்ச பூசணிக்காய், எல்லாம் வடகிழக்குப் பருவமழை வாசல்ல நிக்கும்போது ரோட்டுக்கு வருது. போன வாரம் எங்க மெக்கானிக் கடை வாசல்ல உடைச்ச பூசணி மேல ஒரு பைக் சறுக்கி விழுந்தது தனிக் கதை. பூவும் விதையும் இலையை விட மணிச்சத்து அதிகமா உள்ள சமாச்சாரம். பூசணி விதை உடம்புக்கு நல்லதுன்னு காசு கொடுத்து வாங்குறோம்ல, அதே காரணத்துக்காக ஏரிக்கும் அது "நல்லது".

பூசணி உடைக்காதீங்கன்னு நான் சொல்லல. உடைச்சு முடிச்சதும் ஓரமா தள்ளாம அள்ளிடுங்க, திருஷ்டி கழிஞ்சது கழிஞ்சதுதான், திரும்ப வராது.

அக்டோபர் 15, காலை 6.50

எரிச்சுட்டா பிரச்சனை முடிஞ்சுதேன்னு மடிப்பாக்கத்துக்காரர். முடியாதுங்க. எரிச்சா தழைச்சத்து பெரும்பாலும் புகையாப் போகும், மணிச்சத்து போகாது, சாம்பல்ல தங்கிடும். சாம்பல் இலையை விட சுலபமா தண்ணில போகும். திறந்தவெளியில குப்பை எரிச்சா 5,000 ரூபாய், மொத்தமா எரிச்சா 25,000 ரூபாய் அபராதம்னு பசுமைத் தீர்ப்பாயம் 2016-லயே சொல்லியாச்சு. அபராதத்தை விடுங்க, ஆஸ்துமாக்காரங்க வீட்டு ஜன்னலுக்குக் கீழ எரிக்கறதுக்கு மனசு எப்படி வருதோ.

அக்டோபர் 18, இரவு 9.30

மொட்டை மாடியில பக்கெட் வெச்சுப் பாத்தேன். சும்மா ஆர்வம்தான், இதை ஆராய்ச்சின்னு யாரும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க. ஒண்ணுல முழு சருகு, ஒண்ணுல அதே சருகைக் கால்ல மிதிச்சு நொறுக்கினது, ஒண்ணுல மின்கம்பிக்கு வெட்டிப்போட்ட பச்சைத் தழை, ஒண்ணுல வெறும் தண்ணி. எல்லாத்துலயும் ஆர்.ஓ. தண்ணிதான். மீன் தொட்டி வெச்சிருக்கற தம்பிகிட்ட பாஸ்பேட் டெஸ்ட் கிட் வாங்கினேன், மருந்து சொட்டினா நீலம் வரும், எவ்ளோ திக்கா நீலமோ அவ்ளோ பாஸ்பேட்.

மறுநாள் காலையிலயே நொறுக்கின சருகுத் தண்ணி நல்ல நீலம், முழு சருகு அதை விட வெளிறு. பச்சைத் தழை மொதல்ல ஒண்ணும் காட்டல, நான் கூட பெரம்பூர்க்காரர் சொன்னது என்ன ஆச்சுன்னு பாத்தேன். உயிரோட இருக்கற இலை சீக்கிரம் விட்டுக்கொடுக்காது போல, வாடி அழுக ஆரம்பிச்சதும் கிட்டுல இருக்கற கடைசி நெறத்துக்குப் போயிடுச்சு. அதுக்கு மேல அட்டையில கட்டமே இல்ல. ஆனா ஒண்ணு, தண்ணி டீ நெறத்துல இருக்கும்போது நீலத்தைக் கண்ணால சரியா படிக்க முடியாது, அதனால எண் எதுவும் நான் போடல. எது அதிகம் எது கம்மிங்கறதை மட்டும் எடுத்துக்கங்க.

வீட்டம்மா சொன்ன தீர்ப்பு: "ஏரியைக் காப்பாத்தறதுக்கு முன்னாடி மாடியில கொசுவை வளக்காதீங்க." பக்கெட்டுல புழு நெளிஞ்சுது.

அக்டோபர் 19, காலை 8.15

கொசு விஷயம் விளையாட்டுக்கு சொன்னாங்கன்னாலும் நெஜம். சாக்கடைக் கொசு இருக்குல்ல, கியூலெக்ஸ், அது முட்டை போட சத்து ஊறுன தண்ணியைத்தான் தேடும். கொசு ஆராய்ச்சி பண்றவங்க முட்டை போட வர்ற பெண் கொசுவைப் புடிக்கற பொறியில வைக்கோல் ஊற வெச்ச தண்ணியைத்தான் ஊத்தறாங்க. நம்ம சில்ட் பிட்டு அதே ஃபார்முலாதான், பொறி மட்டும் இல்ல.

அசோசியேஷன் மீட்டிங்ல ஏரி, பாசி, மணிச்சத்துன்னு பேசினா செல்போனை நோண்டுவாங்க. கொசுன்னு ஆரம்பிங்க. அனுபவத்துல சொல்றேன்.

அக்டோபர் 24, இரவு 11.00

2019 ஆகஸ்ட்ல பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடல் நீலமா ஜொலிச்சுதே, அதுவும் இந்த சத்தாலயான்னு ஒரு தம்பி. ஜொலிச்சது நாக்டிலூகான்னு ஒரு நுண்ணுயிர். அது மத்த பாசியைத் தின்னு பெருகும், அதனால கடல்ல சத்து கூடினா அதுக்கும் விருந்துதான். ஆனா கடலுக்கு சத்து வர்ற வழி பல, அடியிலேர்ந்து மேல வர்ற தண்ணி, ஆத்துத் தண்ணி, கழிவுநீர்னு. கே.கே. நகர் புங்க இலைக்கு இந்தப் பெருமையெல்லாம் வேண்டாம். போற போக்குல ஒண்ணு, ஏரியில பொதுவா மணிச்சத்துதான் பாசிக்குக் கடிவாளம், கடல்ல பெரும்பாலும் தழைச்சத்து.

நவம்பர் 2, மதியம் 3.20

மழைநீர் சேகரிப்பு பத்தி மூணு பேர் கேட்டுட்டீங்க, எல்லாத்துக்கும் ஒரே பதிலா போடறேன்.

2003-ல எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம்னு வந்தப்போ எங்க அபார்ட்மெண்ட்லயும் போட்டாங்க. மாடிக் குழாய் எல்லாம் ஒரு தொட்டிக்கு வரும், அதுல கூழாங்கல், ஜல்லி, மணல், அங்கேர்ந்து கிணறு. நல்ல ஏற்பாடுதான். மாடி மேல தூங்குமூஞ்சிக் கிளை கவிஞ்சிருக்கு. அந்த இலை குட்டி குட்டியா இருக்கும், எந்த வலையிலயும் நிக்காது, ஈரமானா மணல் மேல கம்பளி மாதிரி படிஞ்சுடும். அது அங்கயே அழுகி, மணலுக்குள்ள ஆக்சிஜன் தீந்து, கிணத்துத் தண்ணில இரும்பு வாடை அடிக்க ஆரம்பிச்சுது. பக்கெட்டுல புடிச்சு வெச்சா கொஞ்ச நேரத்துல செம்மஞ்சளா அடியில படியும். பிளம்பர் போர்வெல் பைப் துருன்னாரு, வாட்டர் ப்யூரிஃபையர் விக்க வந்த பையன் மெஷினை மாத்தணும்னான். மேல் மணலை எடுத்து வெயில்ல போட்டு அலசிப் போட்டதும் சில மழையில சரியாச்சு.

அதனால சீசனுக்கு முன்னாடி மாடியைப் பெருக்குங்க, முதல் மழையைத் தொட்டிக்கு விடாம வெளிய விடுங்க, மணலோட மேல் நாலு விரக்கடையை வருஷாவருஷம் அலசுங்க. வெளிய விடற முதல் மழையைத் தெரு வடிகாலுக்கு விடாம செடிக்கு விட முடிஞ்சா ரொம்ப நல்லது. இடம் இருந்தா.

நவம்பர் 3, காலை 7.00

பெருக்குற அக்காகிட்ட இன்னைக்கு நானே பேசினேன். சண்டை இல்ல, டீ வாங்கிக் குடுத்துட்டு. இலையைத் தனியா மூட்டை கட்டினா எடுத்துட்டுப் போக முடியுமாக்கான்னு கேட்டேன். "கட்றது பிரச்சன இல்ல சார், சாக்கு யாரு குடுப்பா? பேட்டரி வண்டில மக்கற குப்பை, மக்காத குப்பைனு ரெண்டுக்குதான் எடம். இந்த மரம் கொட்றதுக்கு தனியா ஒரு வண்டி வோணும். உங்களுக்கு இன்னா, சொல்லிட்டுப் பூடுவீங்க." வேற யாரும் இந்த விஷயத்தை இவ்ளோ சுருக்கமா சொன்னதில்ல. சிமெண்ட் சாக்கு ஒரு கட்டு வாங்கிக் குடுத்திருக்கோம். மூட்டை எங்க காம்பவுண்டுக்குள்ள வந்துடும், பின்பக்கம் செங்கல் ஜாலி அடுக்கி ஒரு தொட்டி கட்டியாச்சு, சருகு ஒரு அடுக்கு சாணிக் கரைசல் ஒரு தெளி. மண்ணு மேல, கூரையோட. கூரை இல்லாம கட்டினா மழையில அதுவே ஒழுகும், அப்புறம் வடிகாலுக்குப் போறது இன்னும் நல்லா மக்கின சரக்கா போகும்.

நவம்பர் 9, இரவு 10.25

எதிர்பார்த்த ஆள் வந்துட்டாரு. "அப்போ தெரு மரத்தையெல்லாம் வெட்டிடலாமா, இலையே இருக்காதே." இதை சிரிக்க எழுதினாரா சீரியஸான்னு தெரியல, ஆனா எங்க தெருவுலயே ரெண்டு பேர் சீரியஸா கேட்டாங்க, ஒருத்தருக்கு கார் மேல பிசின் ஒழுகுது, ஒருத்தருக்கு கடை போர்டு தெரியல.

வேண்டாம் சார். மே மாசம் மதியம் அண்ணா சாலையில மரம் இல்லாத பக்கமா நடந்து பாருங்க, அப்புறம் பேசலாம். மழைத் தண்ணி கணக்குலயும் மரம் வரவுதான், இலை மேல கொஞ்சம் தங்கும், வேர் உறிஞ்சும், மண்ணு இளகி தண்ணி கீழ போகும். ஆனா ஒண்ணு சொல்லணும், நாம மரத்தைச் சுத்தி தண்டு வரைக்கும் சிமெண்ட் பூசறோம். மரத்தோட இலை அது அடியிலயே மண்ணுல விழுந்தா அதுக்கே சாப்பாடு. சிமெண்ட் மேல விழறதாலதான் குப்பை. ஒவ்வொரு மரத்தடியிலயும் ஒரு நாலுக்கு நாலு அடி மண்ணைத் தெறந்து விட்டுட்டு தெருச் சருகுல ஒரு பங்கை அங்க போட்டாலே வண்டி மூட்டை எல்லாம் பாதியா கொறையும்.

நவம்பர் 16, காலை 9.45

ஆகாயத்தாமரையே சத்தை உறிஞ்சி எடுத்துடுதே, அது நல்லதுதானேன்னு போரூர்க்காரர். உறிஞ்சும், நல்லாவே உறிஞ்சும். அள்ளி வெளிய கொண்டு போனா அவ்ளோ சத்து வெளிய போச்சு. கரையில குமிச்சு வெச்சுட்டு போட்டோ எடுத்துட்டுப் போயிட்டா அழுகி அதே தண்ணிக்குத் திரும்ப வரும். எங்க தெரு சகதிக் குமியல் கதைதான்.

நவம்பர் 23, இரவு 8.35

வேளச்சேரிக்காரர் திரும்ப வந்து, பார்க்குல புதுசா வெட்டியிருக்கற மழைநீர்க் குளத்துலயும் (ஸ்பாஞ்ச் பார்க்னு போர்டு வெச்சிருக்காங்களாம்) இலை மிதக்குது, என்ன பண்ணலாம்னு கேட்டிருக்காரு. அந்தக் குளம் தண்ணியை நிறுத்தி மண்ணுக்குள்ள எறக்கறதுக்காக வெட்டினது. தண்ணி உள்ள வர்ற வாய்ல ஒரு கம்பி வலைக் கூடை வைக்கச் சொல்லுங்க, தூக்கிக் கொட்டற மாதிரி கைப்பிடியோட. நிரந்தரமா பதிச்ச வலை வேண்டாம், அடைச்சுக்கிட்டா யாரும் சுத்தம் பண்ண மாட்டாங்க, அடுத்த மழைக்கு தெருவுல தண்ணி நின்னதும் கோவத்துல பிடுங்கிப் போட்டுடுவாங்க. மழை பெய்யற வாரத்துல கூடையை மழைக்கு முன்னாடி காலி பண்ணணும், மழை முடிஞ்சு மூணு நாள் கழிச்சுப் பண்ணா சத்து ஏற்கனவே குளத்துல. காலி பண்ணற ஆள் யாருன்னு மொதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் கூடை வாங்குங்க. உங்க தெருப் பெரியவர் இருக்காரே, காலைல சும்மாதான் சண்டை போட்டுக்கிட்டிருக்காரு, அவரையே கேட்டுப் பாருங்களேன்.